பத்துப் பாகம் தாங்கும்

மாமனார் சிரித்தார்.

அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று கேட்டால் இந்த வீட்டில் எல்லோரும் யோசிப்பார்கள். எனக்குத் தெரியும். அதை இப்போது விடுங்கள். கல்யாண ஆல்பத்தில்கூட யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி நிற்கிற மனிதர், கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, டிவியில் ஓடும் வீடியோ கேமைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

கேம் என் சகலையுடையது. மச்சினியின் புருஷன். பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து, ஒற்றை ஆளாகச் செய்து முடித்திருக்கிறான்.

நானும் கேம்தான் செய்கிறேன். பெரிய கம்பெனி. ஒரு வாள்வீரனின் கதை. பத்தாம் பாகம் போய்க்கொண்டிருக்கிறது. ஊர் உலகமெல்லாம் விளையாடுகிறது. மாமனார் மட்டும் மூன்றாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டார். "அதே ஆளு, அதே கத்தி" என்றார். என் உழைப்புக்கு அவர் தந்த விமர்சனம் அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சகலையின் கேமில் கத்தியே கிடையாது. ஒரு கூரியர்காரன். அவன் கையில் ஒரே ஒரு பார்சல். விலாசம் மழையில் அழிந்துவிட்டது. வீடு வீடாக ஏறி, இது உங்களுடையதா என்று கேட்க வேண்டும். இதில் அப்படி என்ன பெரிதாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று மிகவும் முயற்சி செய்தேன்.

"பெரிய மாப்பிள்ளையும் கொஞ்சம் ஆடட்டுமே" என்றார் மாமியார். கன்ட்ரோலர் என் கைக்கு வந்தது.

முதல் வீட்டுக்குள் நுழைந்தேன். மூலையில் ஒரு பூ ஜாடி இருந்தது. உடைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கேமில் ஜாடி என்றால் உடைக்கத்தான். உள்ளே தங்கக் காசு இருக்கும். எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழையலாம், எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். வீட்டுக்காரர்கள் புன்னகையோடு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படித்தான் அவர்களைச் செய்து வைத்திருக்கிறோம்.

இங்கே காசு வரவில்லை. சமையலறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். சில்லுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பசை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

வீடே சிரித்தது. என் மனைவி சோபாவில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒட்டினேன். வேறு வழி? ஒவ்வொரு சில்லாகத் திருப்பித் திருப்பி, நீல இலைக்கு நீல இலையைத் தேடி, விளிம்புக்கு விளிம்பு பார்த்து ஒட்டினேன். அந்த அம்மாள் நடுநடுவே எட்டிப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. கடைசிச் சில்லு பொருந்தியதும் வாய்விட்டு "அப்பாடா" என்றேன்.

எங்கள் கேமில் ஒரு பாகத்துக்குக்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. சகலையை எனக்கு அந்த நிமிடம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அவன் என் காலருகில் தரையில் உட்கார்ந்திருந்தான். "உங்க கம்பெனி இதை வாங்கிட்டாங்கன்னா, உடனே அடுத்ததை ஆரம்பிச்சிடுவேண்ணா. முழுக்க ஒரு லிஃப்டுக்குள்ளயே நடக்குது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

சொல்லும்போதே பாதி அந்த லிஃப்டுக்குள் போய்விட்டான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஃபோன் அடித்தது. என் மேனேஜர். சகலையின் கேமை வாங்குவது என்று கம்பெனியில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எப்படி வாங்குவது என்பதற்கு என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒரே கேமோடு முடிகிற சரக்கு என்றால் கேமை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள். பாகம் பாகமாக வரும் என்றால் ஆளையும் சேர்த்து வாங்குவார்கள். பெரிய பதவி, பெரிய சம்பளம். அதற்குப் பிறகு அவன் வேறு எந்த கேமிலும் கை வைக்க முடியாது.

"இழுக்கலாமா, இதோட முடிஞ்சிடுமா?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். திரையில் அந்த அம்மாள், நான் ஒட்டிய ஜாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஒழுகவில்லை.

ஒரே ஒரு பார்சல். அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இரண்டாவது பார்சல் வந்தால் இந்த கேம் செத்துவிடும். இத்தனை வருடம் இதே தொழிலில் இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது?

"தாராளமா இழுக்கலாம் சார். பத்துப் பாகம் தாங்கும்."

மாமியார் கைதட்டினார். மாமனார் சின்ன மாப்பிள்ளையின் முதுகில் தட்டி மறுபடியும் சிரித்தார். சகலை எழுந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

வாள்வீரனின் முதல் பாகத்தை, கல்யாணமான புதிதில், இதே வீட்டு மாடி அறையில் ஒற்றை ஆளாகச் செய்து முடித்தவன் நான். அன்றைக்கும் ஃபோனில் ஒருவர், பத்துப் பாகம் தாங்கும் என்றார். அன்றைக்கும் மாமியார் கைதட்டினார். மாமனார் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அப்போ லிஃப்ட் கேம்?" என்று சகலை என் காதோரம் கேட்டான்.

"அது எங்க போயிடப்போகுது? இதை முடிச்சிட்டுப் பண்ணிக்கலாம்" என்றேன்.

எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். என்னுடையது, ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது.