சுவரில் ஒரு கண்

மாடி வீடுகளில் குளிக்க ஆரம்பித்தால், தரைத்தளத்தில் புஷ்பவல்லியின் சமையலறை வடிகால் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலேறும். மாநகராட்சி கைவிரித்துவிட்டதால் குறைதீர்ப்பாளருக்குப் புகார் கொடுத்தாள். விசாரிக்க அங்கிருந்து ஆள் வரவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கண் பறந்து வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கும்போது தரையை அப்படியே விட முடியுமா? சாக்கடை தலைகாட்டியதுமே துடைத்தாள். பினாயில் ஊற்றினாள். ஊதுபத்தியும் ஏற்றினாள்.

“வீடு சுத்தமாக உள்ளது. புகார் முடிக்கப்பட்டது” என்றது கண்.

மறுபடி எழுதிப்போட்டு, கண் திரும்பி வந்த அன்று, கணவன் தயாளன் துடைப்பத்தையும் மாப்பையும் பரணில் தூக்கிப் போட்டான்.

“இன்னைக்கு நீ கைய வெக்காத. அது நல்லா பாக்கட்டும்.”

“புள்ள தவழுதுய்யா.”

“இடுப்புல வெச்சுக்கோ.”

கறுப்புத் தண்ணீர் கூடம்வரை வந்தது. குழந்தையோடு கட்டில்மேல் ஏறி நின்ற புஷ்பவல்லிக்குக் கால் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கை பரபரத்தது.

கண் பச்சையாக மின்னியது. “உங்கள் புகார் உண்மை. மாநகராட்சிக்கு நோட்டீஸ் போய்விட்டது.”

“அப்பாடா!” என்று இறங்கி, பரணுக்குக் கையை நீட்டினாள். கண் சிவந்தது.

“துடைக்கக் கூடாது. இதுதான் சாட்சியம். மாநகராட்சி பதில் சொல்லும்வரை இப்படியே இருக்க வேண்டும்.”

“எப்பங்க சொல்லுவாங்க?”

கண் கறுப்புத் தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டது. கீழே இறக்கிவிடச் சொல்லி, இடுப்பிலிருந்த குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருந்தது.