ஆதிலட்சுமி சொன்ன பேர்

“யார்ரா நீ? பேரச் சொல்றா!”

உடுக்கையை அவள் காதருகே கொண்டுபோய் அடித்தேன். ஆதிலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பேர் மட்டும் வரவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி அமாவாசை. அடி அண்ணாமலை ஏரிக்கரை அம்மன் கோயில். உச்சி வெயில்.

பேய் ஓட்டுவதுதான் அப்போது என் பிழைப்பு. உள்ளே இருப்பது ஆம்பளைப் பேய் என்று வைத்துக்கொண்டு ‘டா’ போட்டுத்தான் கேட்போம். செத்தவன் ஒருத்தன் பேர் வர வேண்டும். வந்தால் உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து, அவளைப் புருஷனோடு அனுப்பிவிடுவோம். வரும்வரை வேப்பிலை அடிதான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். தூங்க மாட்டாளாம். யாரோ காதில் பேசுகிறார்கள் என்பாளாம். வேலூரில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பேய்க்கு எதுக்கு மாத்திரை என்று இவர்களே நிறுத்திவிட்டார்கள்.

வேப்பிலையைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேலே வரிவரியாகத் தழும்பு. வேப்பிலை அப்படித் தழும்பு போடாது. அது எனக்குத் தெரியும்.

புருஷன் ராஜமாணிக்கம் சேவலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான். அவளை விடப் பன்னிரண்டு வயது மூத்தவன். பக்கத்தில் அவள் அம்மா தனம்.

“பேரச் சொல்றா!”

“ராஜமாணிக்கம்.”

கூட்டம் சிரித்தது.

“டேய் மாணிக்கம், நீ எப்படா செத்த? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே!” என்றான் ஒருத்தன். சேவலைப் பிடித்திருந்தவனும் சிரித்தான்.

பேர் வந்ததும் எப்போது பிடித்தாய், எங்கே பிடித்தாய் என்று கேட்பது வழக்கம். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

ஆட்டம் நின்றது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அது பேய்க் குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிற குரல்.

“ஒம்பது வயசுல. எங்க ஊட்ல, மல்லாட்ட மூட்ட போட்ற ரூம்ல. கதவ சாத்திட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம்தான். ஆனால் ராஜமாணிக்கம் அவளுக்குத் தாய்மாமன். தனத்தின் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தவன்.

நான் தனத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“பேய்தான் பேசுது பூசாரி. நல்லா அடிங்க,” என்றான் ராஜமாணிக்கம்.

அடுத்த கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அத்தனை பேர் இருந்தார்கள். அவள் சொல்லத் தயாராக இருந்தாள்.

உடுக்கையைத்தான் வேகமாக அடித்தேன்.

“பொய் சொல்றியா? நீ இருசப்பன்தானே? புளியமரத்துல தூக்கு மாட்டிக்கிட்ட இருசப்பன்தானே? சொல்றா!”

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “இருசப்பன்தான்.”

“அதானே பாத்தேன்!” என்றது கூட்டம். “எங்க ஊரு ஏரிமேட்லதான் அவன் சுத்துவான்!” என்று ஒருத்தர் சாட்சிகூடச் சொன்னார்.

முடி எடுத்தேன். பேயை இறக்கிவைக்கிற கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி மரத்தடியில் போட்டாள். அலறவில்லை, மயங்கவில்லை. ஒரு வேலையை முடிப்பது போல முடித்தாள். பிறகு புருஷன் பின்னாலேயே நடந்துபோய் வண்டியில் ஏறினாள்.

அதற்கப்புறம் நான் உடுக்கையைத் தொடவில்லை. அவள் என்ன ஆனாள் என்று போய்ப் பார்க்கவும் இல்லை.

இருசப்பன் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்படி ஒருத்தன் அவர்கள் ஊரில் தூக்கு மாட்டிச் சாகவே இல்லை.

அவசரத்தில் என் வாயில் வந்தது என் அப்பா பேர்.

அவர் எழுபது வயதில், கட்டிலில் படுத்தபடி, நிம்மதியாகச் செத்தார். என் அம்மாவுக்குத்தான் பேய் என்று சொல்லி மூன்று தடவை முடி எடுத்தார்கள்.