எரியும் பீப்பாயில் வெளியீட்டு விழா

எழுபத்தாறாம் ஆண்டின் கோடை வெயில். மெல்பர்னில் ஐஸ்லாந்து இளைஞர்கள் நடத்தும் புதுமைப் பதிப்பகத்தின் பின்வளவில் தகரப் பீப்பாய் ஒன்று எரிகிறது. வெளியீட்டு விழாவில் நெருப்பும் இருக்கும் என்றதும் பார்பிகியூ என்று நம்பி, இரஞ்சிதம் ஒரு தட்டு கட்லட்டோடு நிற்கிறாள். அவள் கணவர் கணேசலிங்கம் இந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறார். வெளிவருவது அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு. தமிழில் ஓர் எழுத்தும் விளங்காததாலேயே இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போன தொகுப்பு. பதிப்பகத் தலைவன் சிகுர்தூர் பெட்டிமேல் ஏறி, “வாசித்த புத்தகம் செத்த புத்தகம்!” என்று கூவி, கையெழுத்துப் பிரதி உட்பட எல்லாவற்றையும் பீப்பாய்க்குள் கவிழ்க்கிறான். கைதட்டல். “ஐயோ, இஞ்சாருங்கோ, அது உங்கட புத்தகமெல்லோ!” என்கிறாள் இரஞ்சிதம். கணேசலிங்கம் நெருப்புக்குள் கையை விடுகிறார். விளிம்பு கருகிய ஒரேயொரு பிரதியை இழுத்தெடுத்து, பழக்கதோஷத்தில் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறார். இமையெல்லாம் கரி. பிறகு முன்னிலும் பெரிய கைதட்டல். சிகுர்தூரின் தோழி குத்ரூன் கண்கலங்கிக் கமராவைத் தூக்குகிறாள். “அற்புதம், கணேஷ்! பார்த்துக்கொண்டு நின்றதில படமெடுக்க மறந்திட்டன். இன்னொருக்காச் செய்யுங்களேன்.” அவர் கையிலிருந்து புத்தகத்தை மெல்ல வாங்கி, மறுபடி நெருப்பில் போடுகிறாள்.