பிரித்து விற்ற பக்கம்

ஒரு சித்திரக்கதையின் அசல் ஓவியங்களை வியாபாரி ஒருவர் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஆளுக்கொன்றாக விற்றுவிட்டார். அதில் ஒரு பக்கம், தனபாலன் என்ற சேகரிப்பாளரின் அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் மிருணா என்ற பெண் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த பக்கம் இல்லாததால், பல வருடங்களாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அலமாரியில் பசை தின்று வாழ்ந்த ராமபாணப் பூச்சியிடம், "அண்ணே, யார் தட்டுறாங்கன்னு பார்த்துட்டு வாங்களேன்," என்றாள்.

சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் புத்தகங்களை மாற்றிக்கொள்ளும் பெட்டியில் ஏறி, அடுத்த பக்கம் இருந்த வீட்டுக்குப் பூச்சி போனது. வேறொரு புத்தகக் கட்டோடு திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கதவு திறந்து கிடக்கு. ஒருத்தன் மட்டும்தான் நிக்கிறான்."

"நான்?"

பூச்சி மீசையைத் தடவியது. "உன் வளையல் தரையில கிடக்கு."

மிருணா தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவன் அங்கேயே இருக்கட்டும்."

"நீ எங்க இருக்கேன்னு கேட்டான்மா. நானும் யோசிக்காம சொல்லிட்டேன்."

சில நாளில் அலமாரி திறந்தது. தனபாலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு கெஞ்சியும் தராத மனுஷன், இப்ப அவராவே கூப்பிட்டுக் கொடுத்துட்டார். வீட்ல வெச்சிருக்கவே பிடிக்கலையாம்," என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே, அடுத்த பக்கத்தை அவளுடைய உறைக்குள் செருகி, அலமாரியைச் சாத்தினார்.

அத்தனை வருடத் தட்டல் அப்போதுதான் நின்றது.