கையுறை இல்லாத இறுதி ஆட்டம்

கிட்டுசாமி உள்ளங்கைகளை பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அவன் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் சாம்பியன்ஷிப். எதிரணிக்கு இரண்டு ரன் போய்விட்டால் கோப்பை அவர்களுக்கு.

"கடைசிப் பந்து உன்கிட்டதான் வரும், கிட்டு" என்று கேப்டன் சுந்தரராமன் காலையிலேயே சொல்லியிருந்தார். இந்த ஆட்டம் அவருக்கு அத்துப்படி.

நியூ ஜெர்சியில் ஐசலின் பக்கம் அவர் நடத்தும் கிளப்பில், பேஸ்பாலை நூற்று ஐம்பது வருடத்துக்கு முந்தைய முறையில் ஆடுவார்கள். கம்பளிச் சட்டை, கனத்த மட்டை. கையுறை கிடையாது, வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும்.

மூன்று வருடமாகக் கிட்டுசாமிக்கு அங்கே தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலைதான். பயிற்சியில் அவனிடம் வந்த பந்தெல்லாம் தரைக்கே போனது. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வந்தாயா என்று கேட்காத ஆளில்லை. அப்படிப்பட்டவனை, போன மாதம் சுந்தரராமன் இறுதி ஆட்டத்தில் சேர்த்தார். கூடுதல் பயிற்சி வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். நீ எப்பவும் போல இருந்தா போதும்."

மனைவி வசந்தாமணிக்கு அது போதவில்லை. அவள் கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் ஆடியவள். தினமும் வேலை முடிந்ததும் அவனை பேக்யார்டுக்கு இழுத்துப் போனாள். தவறு எங்கே என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவன் கைகளை விறைப்பாக நீட்டினான். வேகம் முழுவதும் உள்ளங்கையில் மோத, பந்து எகிறியது. கையும் பந்தோடு கொஞ்சம் பின்னால் போனால், அந்த வேகம் போகிற வழியிலேயே கரைந்துவிடும்.

"ஏனுங்க, பச்சை முட்டையைப் புடிக்கற மாதிரி வாங்கிக்கோங்க. பந்துகூடச் சண்டைக்கு நிக்காதீங்க."

நிஜ முட்டையையே எறிந்தாள். இரண்டு டஜன் உடைந்த பிறகு கை பழகியது.

இதோ, மட்டையில் பட்ட பந்து வானத்துக்கு ஏறி அவனை நோக்கித்தான் வந்தது. ரன் எடுக்கக் காத்து நின்ற எதிரணியின் இரண்டு பேர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். கூட்டம் எழுந்து நின்றது.

கிட்டுசாமி ஓர் அடி பின்னால் வைத்தான். கைகள் பந்தைத் தொட்டு, அதோடு சேர்ந்தே நெஞ்சுவரை வந்தன. பந்து உள்ளேயே இருந்தது.

மைதானத்தில் சத்தமே இல்லை. வசந்தாமணி மட்டும் தனியாகக் கைதட்டினாள். டிரம்பெட்டை வாய்க்குக் கொண்டுபோன பேண்டுக்காரர் அதை மெல்லக் கீழே இறக்கினார்.

கிட்டுசாமி பந்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். சுந்தரராமன் புல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டோம் சார்."

"அந்தக் காலத்துல நடந்த ஃபைனலை அப்படியே நடத்திக் காட்டறோம் கிட்டு. பார்க்க வந்தவங்க எல்லார் கையிலயும் கதையை அச்சடிச்சுக் கொடுத்திருக்கோம். அன்னிக்கு இந்தப் பந்து கீழ விழுந்துச்சு. நம்ம டீம் தோத்துச்சு."

கிட்டுசாமியின் கை தானாக இறங்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா நடிக்கற மாதிரி தெரியும். நீ தானாவே விட்டுடுவேன்னுதானேய்யா உன்னைப் போட்டேன்."