கூட்டிக்கிட்டே திருப்பணும்

படகு மூன்றாவது முறையாகத் துறையில் போய் முட்டியது. பயிற்சியாளருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார், இது ஜெட் படகு. பின்னால தண்ணியைப் பீய்ச்சித்தான் திரும்பும். வேகத்தைக் கொறைச்சா பீய்ச்சுறது நின்னுடும். அப்புறம் ஸ்டியரிங்கை எப்படி ஒடிச்சாலும் நேராத்தான் போகும்."

"புரியுது. ஆனா எதிர்ல ஏதாவது வந்தா கை தானா கொறைச்சுடுது," என்றார் புதிதாகப் படகு வாங்கியவர்.

"கொறைக்கவே கூடாது. பயமா இருந்தா கொஞ்சம் கூட்டணும். கூட்டிக்கிட்டே திருப்பணும்."

நான்காவது முறையும் முட்டியது. புதுப் படகின் மூக்கில் பெயின்ட் பெயர்ந்தது. பயிற்சியாளரின் பொறுமையும் அதோடு போயிற்று.

"ரோட்டுல ஓட்ட உங்களுக்கெல்லாம் எவன் சார் லைசென்ஸ் குடுத்தான்?"

படகு வாங்கியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பயிற்சியாளர் ஒரு காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாகத் தண்ணீரிலேயே கிடந்தவர் அவர். கார் ஓட்டும் தேர்வுக்கு வருவது இது நான்காவது தடவை.

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, புதிதாக மாற்றலாகி வந்த தேர்வு அதிகாரி ஏறினார். நேற்றைய படகுக்காரர்.

"எடுங்க," என்றார்.

முதல் வளைவிலேயே ஒரு நாய் குறுக்கே ஓடியது. பழக்கதோஷம், பயிற்சியாளரின் கால் வேகத்தைக் கூட்டியது, கூட்டிக்கொண்டே திருப்பினார். நாய் தப்பித்தது. கார் வேலியில் முட்டி நின்றது.

அதிகாரி நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்னு நேத்து கேட்டீங்களே, அவன் பேரு மறந்துபோச்சு. உங்களுக்குக் குடுக்காதவன் நான்தான்."