அணில் பொந்தில் பலாப்பழம்

ஒரு தோப்பில் பலாப்பழம் ஒன்று காணாமல் போனது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். தேடி வந்தது காவல் நாய்.

வந்ததும் அணிலின் பொந்து வாசலில் மூக்கை வைத்தது. உள்ளே இருந்ததெல்லாம் நிலக்கடலை. மழைக்காலம் முழுக்க அணில் குடும்பத்துக்கு அதுதான் சாப்பாடு. அணிலுக்கு வால் நடுங்கியது.

"ஐயா, யானையாரோட உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்குங்க. தேடுற பொருள் நுழையாத இடத்துல தேடக் கூடாதாம். தேடி வந்ததைத் தவிர வேற எதையும் எடுக்கக் கூடாதாம். என் பொந்துல பலாப்பழம் எப்படிங்க நுழையும்?"

"பெரிய வக்கீலு!" என்றது நாய். ஆனாலும் மூக்கை எடுத்துக்கொண்டது.

அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. வாசலிலேயே படுத்துக்கொண்டது.

"நான் உள்ளே வரலை. ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா உனக்கு ஏம்மா இப்படி நடுங்குது?"

"வெறும் கடலைதாங்க."

"அப்போ நீயே வெளியே எடுத்துக் காட்டிடேன். நானும் நிம்மதியாப் போயிடுவேன்."

மேல்கிளையில் இருந்த காகம் கத்தியது. "அடியே, காட்டாதடி! காட்டணும்னு தீர்ப்புல இல்லை!"

"நீ சும்மா இரு அக்கா. காட்டலைன்னா சந்தேகப்படுவார்ல?"

அணில் கடலையை எல்லாம் கொண்டுவந்து நாயின் முன்னால் குவித்தது. பொந்து காலியானது.

நாய் எழுந்து சோம்பல் முறித்தது. "தீர்ப்பு பொந்துக்குத்தான். இது வெளியே கிடக்கிற பொருள்" என்று சொல்லி, அத்தனையையும் சாக்கில் அள்ளிக்கொண்டு நடந்தது.

அணில் பின்னாலேயே ஓடியது.

"ஐயா, இப்போ என்மேல சந்தேகம் இல்லையே?"